மழைக்குக் காத்திருக்கும் மான் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டிசம்பரில் ஜாம்பியாவின் தெற்கு லுவாங்வா காட்டுக்குப் போகிறோம். கணவருக்கு அப்போதுதான் விடுப்பு. மழைக்காலத்தில் மிருகமே கண்ணில் படாது, செப்டம்பரில் போங்கள் என்கிறார் பயண முகவர். போவது வீண்தானா? என்ன லென்ஸ் எடுத்துப்போகலாம்? மலேரியா மாத்திரை அவசியமா? அப்புறம், இம்பாலா மான் மழை வரும்வரை பிரசவத்தைத் தள்ளிப்போடுமாம். மகளிடம் சொன்னேன், இருவருக்கும் கண் கலங்கிவிட்டது. இயற்கைக்குத்தான் எவ்வளவு கருணை!

கவிதா

அன்புள்ள கவிதா,

லென்ஸ் எனக்குத் தெரியாத விஷயம். மாத்திரையை மருத்துவரிடம் கேளுங்கள், கேட்காமல் கிளம்பாதீர்கள். முகவர் சொன்னது பாதி சரி. அக்டோபரில் 40 டிகிரி வெயிலில் லுவாங்வா ஆறு சுருங்கிக் கிடக்கும். நீர்யானைகள் மிச்சமிருக்கும் மடுக்களில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடக்கும். மற்ற மிருகங்களும் தண்ணீருக்கு அங்கேதான் வந்தாக வேண்டும். மழை விழுந்து காட்டுக்குள் பள்ளமெல்லாம் நிறைந்துவிட்டால் யானைக்கு ஆற்றங்கரையில் என்ன வேலை? புல்லும் உயர்ந்துவிடும். கரிசல் மண்ணில் ஜீப் புதையும் என்பதால் பல முகாம்களை மூடிவிடுவார்கள்.

நான் எழுத உட்கார்ந்தது இம்பாலாவுக்காக. போன வாரம்தான் ஒரு நண்பர் இதே கதையை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார், அவரைத் திட்டிய சூடு இன்னும் ஆறவில்லை. ஒரு மகளைப் பெற்றவர் நீங்கள். வலி எடுத்தபிறகு 'மழை வரட்டும்' என்று தள்ளிப்போட முடிந்ததா?

நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருப்பதால் அங்கே மே மாதம் பகல் குறுகிக்கொண்டு வரும். கிடாக்கள் முட்டி மோதி இணைசேர்வது அந்தக் குறுகலை உணர்ந்துதான். சினைக்காலம் ஆறரை மாதம். கூட்டிப் பாருங்கள், நவம்பர் பிற்பகுதி வந்துவிடும். மழையும் ஏறத்தாழ அப்போது வருகிறது, அவ்வளவுதான். நிலநடுக்கோட்டை ஒட்டிய கென்யாவில் பகலின் நீளம் வருடம் முழுக்க பெரிதாக மாறுவதில்லை. அங்கே இம்பாலா எந்த மாதத்திலும் ஈனும்.

மழை பிந்திய ஒரு வருடம் லுவாங்வாவில் இருந்தேன். காலையில் தேநீர் ஊற்றிக்கொண்டே வழிகாட்டி இந்தக் கதையைத்தான் சொன்னார். உச்சி வெயிலில் மொபானே மரத்தடியில் ஒரு பெண் மான், கூட்டத்தை விட்டுத் தனியாக. படுத்தது, எழுந்தது, மறுபடி படுத்தது. இரண்டு சின்னக் குளம்புகள் வெளியே தெரிந்தன. புழுதியில் விழுந்த குட்டியை நக்கித் துடைத்தது. வாடை பிடித்துக் கழுதைப்புலி வந்துவிடக் கூடாதென்று நஞ்சுக்கொடியையும் தின்று தீர்த்தது. சுற்றிலும் பச்சையாக ஒரு புல் இல்லை. நான் வழிகாட்டியைப் பார்த்தேன். "இவள் கொஞ்சம் அவசரக்காரி" என்றார்.

நல்ல மனிதர்தான். இந்தக் கதைக்கு டிப்ஸ் கூடக் கிடைக்கும். ஆனால் மழை மேலும் சில வாரம் பிந்தினால் தாய்க்குப் பால் வற்றும், குட்டி சாகும். அப்போது உங்கள் கருணை எங்கே போகும்? மழை வருமா என்றே தெரியாமல் ஆறரை மாதம் சுமந்து நடக்கிறதே, அந்த மானுக்காகக் கண் கலங்குங்கள், நானும் கூட இருக்கிறேன். அதே கரையில் விண்டர் தார்ன் என்றொரு முள்மரம் உண்டு. காடே துளிர்க்கும்போது இலையைக் கொட்டிவிட்டு நிற்கும், வறட்சியில் தழைக்கும். அதை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

சரி, டிசம்பரிலேயே போங்கள். எங்கு திரும்பினாலும் இம்பாலாக் குட்டிகள் நிற்கும். மூடாத முகாமாகப் பார்த்து இப்போதே பதிவு செய்துவிடுங்கள். ஆறு நிறைந்தபிறகு, ஜனவரி கடைசியில்தான் படகில் கூட்டிப்போவார்கள். டிசம்பரில் படகு இல்லையே என்று பாவம், அந்த முகவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.