வேலையை விட்டுவிட்டுச் சாப்பாட்டைப் பற்றி எழுதப் போகிறாளாம்

திருச்சியிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். மகள் தரமணியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நாலரை ஆண்டாக வேலை பார்க்கிறாள். கை நிறையச் சம்பளம். அதை உதறிவிட்டு உணவைப் பற்றி எழுதப் போகிறேன் என்கிறாளாம். எம்.பி.ஏ. சேர்த்துவிட்டால் புத்தி தெளியும் என்கிறார் பெரியப்பா. எழுதத்தான் வேண்டுமென்றால் லண்டனுக்கு வந்து பெயர்பெற்ற சமையல் கல்லூரியில் டிப்ளமோ வாங்கட்டும் என்கிறார் அங்கிருக்கும் மாமா. அதற்காக நகையை அடகு வைக்க அம்மா தயார்.

ஐயா, உங்கள் கலக்கம் நியாயமானது. ஆனால் இரண்டு யோசனையுமே உதவாதவை. எம்.பி.ஏ. முடித்தால் இதைவிடப் பெரிய அலுவலகத்தில் இதே அலுப்பு. லண்டன் டிப்ளமோ சமையற்காரர்களை உருவாக்குவதற்கான படிப்பு; அவள் கேட்பது அடுப்பை அல்ல, பேனாவை. படித்துத் திரும்பியதும் கடன் தவணை கட்டுவதற்காகவே மறுபடி மென்பொருள் வேலைக்குப் போய் உட்காருவாள். நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

ஓட்டல் விமர்சனம், யூடியூப் சேனல் எல்லாம் ஊரறிந்த வழிகள். அவற்றை அவளே பார்த்துக்கொள்வாள். அதிகம் பேர் எட்டிப் பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன்: உணவுப் பொருள்களின் புவிசார் குறியீட்டுக்கு, அதாவது ஒரு பண்டம் இன்ன ஊருக்கே உரியது என்று சட்டப்படி பதிவு செய்வதற்கு, ஆவணம் தயாரிப்பது.

பழனி பஞ்சாமிர்தமும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் 2019இல் குறியீடு பெற்றன. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020இல் கிடைத்தது, மணப்பாறை முறுக்குக்கு 2023இல். இந்தியா முழுமைக்குமான பதிவகம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. தனி ஆள் தன் பெயரில் விண்ணப்பிக்க முடியாது. உற்பத்தியாளர் சங்கமோ அதுபோன்ற அமைப்போதான் விண்ணப்பிக்க வேண்டும். முறுக்குச் சுடத் தெரிந்தவருக்கு அதை நாற்பது பக்கத்தில் நிரூபிக்கத் தெரியாது. அங்கேதான் எழுதுகிறவருக்கு வேலை.

என்ன எழுத வேண்டும்? பொருளின் விவரம், எந்த எல்லைக்குள் தயாராகிறது என்று காட்டும் வரைபடம், செய்முறை, வரலாற்றுச் சான்று, வேறெங்கும் இல்லாத தனித்தன்மை, தரத்தை யார் கண்காணிப்பார்கள் என்பது. மணப்பாறையையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர்த் தண்ணீரின் உப்புச் சுவைதான் ருசிக்குக் காரணம் என்பார்கள். முறுக்கை முக்கால் பதத்தில் எடுத்து, ஆறவிட்டு, மறுபடி எண்ணெயில் போடுவார்கள். ‘மொறுமொறுவென்று இருந்தது’ என்று எழுதிவிட்டு நகர்வதற்கு இங்கே இடமில்லை. மாவில் அரிசிக்கு உளுந்து என்ன விகிதம், முதல் வேக்காட்டுக்கும் இரண்டாவதற்கும் நடுவே எவ்வளவு நேரம், எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்று அடுப்படியில் நின்று குறித்தெடுக்க வேண்டும். ‘கண் அளவுதான் அம்மா’ என்று சொல்கிற பெரியவர் கையில் அள்ளும் மாவைத் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பிறகு சான்று தேட வேண்டும். மாவட்டக் கெசட்டியர்கள் என்னும் அரசு விவரத் தொகுப்புகள், எழும்பூர் ஆவணக் காப்பகம், பழைய பத்திரிகை விளம்பரங்கள். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அவள் வேலை பார்க்கும் தரமணியிலேயே இருக்கிறது. இத்தனை நாள் உள்ளே நுழைந்திருக்கிறாளா என்று கேளுங்கள். விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டுப் பதிவகத்தின் இதழில் வெளியான பிறகும் ஆட்சேபிக்க மற்றவர்களுக்கு மூன்று மாத அவகாசம் உண்டு. ஓட்டை விழுந்த ஆவணம் அங்கே நிற்காது.

இது மாதச் சம்பளம் அல்ல. சங்கங்கள், இந்தத் துறை வழக்கறிஞர்கள், நபார்டு என்னும் ஊரக வளர்ச்சி வங்கியின் உதவியில் நடக்கும் திட்டங்கள் என்று பணம் துண்டு துண்டாகத்தான் வரும், தாமதமாகவும் வரும். ஆனால் ஓர் ஊருக்குச் சேகரித்த தகவலில் கட்டுரைகளும் பிறக்கும், நாளைக்குப் புத்தகமும் பிறக்கும். பதிப்புரிமையை எழுதிக் கொடுக்கும்போது மட்டும் காலவரம்பைக் குறிக்கச் சொல்லுங்கள். குறிக்காவிட்டால் நம் சட்டப்படி அது ஐந்தாண்டு என்றுதான் கொள்ளப்படும். இது தெரியாமல் கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடுகிறவர்கள் உண்டு.

செலவு விஷயத்தில் நான் கறார். ஐந்தாண்டு நிறையுமுன் ராஜினாமா கூடாது. ஐந்தாண்டு வேலை பார்த்தால் கிடைக்கும் கிராஜுவிட்டியை, அதாவது பணிக்கொடையை, விட்டுக்கொடுக்க அவள் என்ன ஜமீன் வாரிசா? அலுவலக மருத்துவக் காப்பீட்டில் உங்கள் இருவர் பெயரும் இருந்தால் வேலையோடு அதுவும் போகும். உங்களுக்குச் சர்க்கரை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். புதிய பாலிசியில் பழைய நோய்க்குக் காத்திருப்புக் காலம் இருக்கும். ஆகவே பாலிசியை இப்போதே எடுங்கள். ஓராண்டுச் செலவுக்கான தொகை அவள் கணக்கில் இருக்க வேண்டும். அதில் உங்கள் ஓய்வூதியத்திலிருந்து ஒரு ரூபாய்கூடச் சேரக் கூடாது.

‘கல்யாண வீட்டில் பந்தியில் உட்காராமல், தவசுப்பிள்ளை பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு நின்று மானத்தை வாங்கினாள்’ என்று குறைப்பட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு நம்பிக்கை தந்த ஒரே வரி அதுதான். சாப்பிடப் பிடித்தவர்கள் ஆயிரம் பேர். சோற்றை விட்டுவிட்டுக் கேள்வி கேட்கப் போகிறவர்கள் குறைவு. அந்தப் பெண்ணைப் பெரியப்பா கணக்குக்கு இழுக்காதீர்கள்.

ஐந்தாண்டு நிறைய இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. சனி, ஞாயிறுகளில் குறியீடு பெறாத ஒரு பண்டத்தை எடுத்துக்கொண்டு, மேலே சொன்ன முறையில் பத்துப் பக்கம் எழுதட்டும். அதை எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வரச் சொல்லுங்கள். நீங்களும் வரலாம், ஆனால் பேச்சு முடியும்வரை வெளியே உட்கார வேண்டும். பெரியப்பா வர வேண்டாம்.