டிக் டிக் சத்தத்தோடு நிற்கும் கேம் பெட்டிக்கு

கீழக்கரைக் கடையில் நான்கு மாதம் பூட்டிக் கிடந்த காசு போடும் வீடியோ கேம் பெட்டி, சுவிட்சைப் போட்டால் டிக் டிக்கென்று மட்டும் சத்தம் தருகிறது என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்பட்டுப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள், நண்பரே. பவர் சப்ளை கிளம்பப் பார்த்து உடனே அணைந்துவிடுகிற சத்தம் அது.

பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் 320 வோல்ட் வரை நிற்கும். 2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் போட்ட வயரில் பற்றவைத்து, இரு முனையிலும் சில விநாடி வைத்து வடியுங்கள். மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள்.

அப்புறம் 5 வோல்ட், 12 வோல்ட் பக்கத்து கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா பாருங்கள். உப்பியிருந்தால் அதே மைக்ரோஃபாரட், 105 டிகிரி, லோ இஎஸ்ஆர் (உள் தடை குறைந்த) வகை வாங்கிப் போடுங்கள். அவுட்புட் டயோடு ஷார்ட் ஆனாலும் இதே சத்தம்தான் வரும்.

மண்டபம் ஊரில் நான் திறந்த ஒரு பெட்டியில் கெப்பாசிட்டரெல்லாம் சரியாகவே இருந்தன. உப்புக்காற்றில் கனெக்டர் பின்கள் பச்சை பூத்து, 5 வோல்ட் போர்டுக்குப் போய்ச் சேரும்போது 4.3 ஆகியிருந்தது. ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) தொட்டுப் பழைய பல் பிரஷால் தேய்த்தேன், ஓடியது.

முதல்முறை போடும்போது பெட்டிக்குக் கரண்ட் வரும் வயரில் 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் வையுங்கள். மின்னி மங்கினால் நல்லது. எரிந்துகொண்டே இருந்தால் இன்னும் ஷார்ட் இருக்கிறது, நேரே கரண்ட் கொடுக்காதீர்கள்.