குஞ்சு வந்த முதல் ராத்திரி

கேள்வி: வணக்கம் ஐயா. முதன்முறையாக 300 கோழிக் குஞ்சுகள் இறக்கினோம். பல்பு போட்டு, வெப்பமானியும் மாட்டினோம், 34 டிகிரி காட்டியது. ஆனால் விடிந்து பார்த்தால் கொட்டகை மூலையில் 22 குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நசுங்கிக் கிடந்தன. இது என்ன நோய்?

பதில்: நோய் இல்லை. குளிருக்கு ஒண்டிக் குவிந்து, அடியில் மாட்டியவை மூச்சுமுட்டிச் செத்திருக்கின்றன. நான் முதன்முதலில் இறக்கிய குஞ்சுகளிலும் இதே நடந்தது. நடுராத்திரி மின்சாரம் போனது, நான் அசந்து தூங்கிவிட்டேன், எழுந்து போய்க் குவியலைக் கலைத்தபோது மேலே இருந்தவை கீச்சிட்டன, கீழே இருந்தவை அசையவே இல்லை. அன்றிலிருந்து குஞ்சு வந்த முதல் மூன்று ராத்திரி நான் கொட்டகையில்தான் படுப்பது.

உங்கள் வெப்பமானி எந்த உயரத்தில் இருந்தது? சுவரில் ஆள் உயரத்தில் மாட்டியிருந்தால் அது காட்டிய 34 டிகிரி உங்கள் தலைக்குத்தான், குஞ்சுக்கு இல்லை. தரையிலிருந்து இரண்டு அங்குலம், அதாவது குஞ்சின் முதுகு மட்டத்தில், பல்பு வெளிச்ச வட்டத்தின் ஓரத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி வேண்டும், அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வந்து 21 டிகிரி அளவில் நிறுத்தலாம். பொரித்த குஞ்சின் மேல் இருப்பது வெறும் பஞ்சு முடி, இறகு இல்லை. தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும்.

இன்னொன்று, மூலை. குஞ்சு இருக்கும் இடத்தில் மூலையே இருக்கக் கூடாது. ஒன்றரை அடி உயரத் தகட்டையோ கெட்டி அட்டையையோ வட்டமாக வளைத்து நிறுத்தி, உள்ளே இரண்டு மூன்று அங்குலம் உமியோ மரச்சீவலோ பரப்பி, குஞ்சு வருவதற்கு முந்தின நாளே பல்பைப் போட்டுவிடுங்கள். பலர் பெட்டி வாசலுக்கு வந்த பிறகுதான் பல்பைப் போடுகிறார்கள். காற்று சீக்கிரம் சூடாகிவிடும், கூளமும் தரையும் ஆகாது, குஞ்சு நிற்பதோ அதன் மேல்தான்.

வெப்பமானியைவிட நான் நம்புவது குஞ்சுகளைத்தான். பல்புக்கு நேர் கீழே நெருக்கியடித்துக் கத்தினால் குளிர். தகட்டோரமாக ஒதுங்கி, இறக்கையைத் தொங்கவிட்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது என்று அர்த்தம், அந்த இடுக்கைத் தேடி அடைத்துவிடுங்கள். வட்டம் முழுக்கப் பரவி, சில தின்ன, சில படுக்க, சன்னமாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தால் சரி. சந்தேகமாக இருந்தால் ஒரு குஞ்சைத் தூக்கி அதன் பாதத்தை உங்கள் கன்னத்தில் வையுங்கள். சில்லென்று இருந்தால் அது குளிரில்தான் இருக்கிறது.

தண்ணீர் முதலில், தீவனம் அப்புறம். குஞ்சைப் பெட்டியிலிருந்து எடுத்து விடும்போதே சிலவற்றின் அலகைத் தண்ணீரில் லேசாகத் தொட்டு விடுங்கள், மற்றவை பார்த்துக் குடிக்கும். முட்டை ஓட்டை விட்டு வருமுன் மிச்ச மஞ்சள் கருவைக் குஞ்சு வயிற்றுக்குள் இழுத்துக்கொள்வதால் இரண்டு மூன்று நாள் தாங்கும் என்பது உண்மைதான். அதை நம்பித் தீவனத்தைத் தள்ளிப்போடாதீர்கள், சீக்கிரம் தின்ற குஞ்சுக்குத்தான் குடலும் சீக்கிரம் வளரும், அந்த மஞ்சள் கருவும் ஒழுங்காகக் கரையும்.

குஞ்சு விட்டு எட்டு மணி நேரம் கழித்து, கழுத்தடியில் தின்ற தீனி தங்கும் பையை இரண்டு விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். கஞ்சிபோல் மெத்தென்று நிறைந்திருந்தால் தின்றும் இருக்கிறது, குடித்தும் இருக்கிறது. மணல் முடிச்சுபோல் நெருநெருவென்றிருந்தால் தண்ணீர் கிடைக்கவில்லை. தளதளவென்று நீர் மட்டும் இருந்தால் தீவனம் எட்டவில்லை. ஒன்றுமே இல்லை என்றால் அந்தக் குஞ்சு விளிம்பில் நிற்கிறது, கையில் எடுத்துத் தண்ணீர் காட்டுங்கள். இருபது முப்பது குஞ்சைத் தொட்டுப் பார்க்கப் பத்து நிமிடம் ஆகும், தயவுசெய்து அதைச் செய்யுங்கள்.

மின்சாரம் போனால் மாற்றுச் சூட்டுக்கு என்ன என்பதைக் குஞ்சு வருமுன்பே முடிவு செய்துவிடுங்கள். கரி அடுப்பு வைத்தால் புகைவாயு வெளியேற மேலே வழி வேண்டும், மூடிய கொட்டகையில் அது குஞ்சையும் கொல்லும், உள்ளே படுத்திருக்கும் ஆளையும் கொல்லும்.

கேள்வி: நாலைந்து குஞ்சுகளுக்குக் கால் இரண்டு பக்கமும் அகன்று எழவே முடியவில்லை. சுத்தமாக இருக்கட்டும் என்று செய்தித்தாள்தான் விரித்திருக்கிறோம்.

பதில்: அந்தத் தாள்தான் காரணமாக இருக்கும். வழவழப்பில் கால் பிடிக்காமல் வழுக்கி வழுக்கி அப்படியே அகன்றுவிடும். உடனே தாளை எடுத்துவிட்டுக் கூளத்தில் விடுங்கள், அல்லது சொரசொரப்பான தாளை விரியுங்கள். கால் அகன்ற குஞ்சுக்கு இரண்டு காலையும் இயல்பான இடைவெளியில் வைத்து மெல்லிய ஒட்டுப் பட்டையால் எட்டு வடிவில் சேர்த்துக் கட்டுங்கள், இறுக்க வேண்டாம். முதல் ஒன்றிரண்டு நாளில் கட்டினால் பெரும்பாலும் சில நாளில் நடக்கும். ஒரு வாரம் தாண்டினால் கஷ்டம்.

கேள்வி: பின்பக்கம் எச்சம் காய்ந்து ஒட்டிக்கொள்கிறது. பிய்த்து எடுக்கலாமா?

பதில்: பிய்க்காதீர்கள், தோலும் சேர்ந்து வரும். வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து ஊறவைத்துத் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு கூட்டத்தில் விடுங்கள். அப்படியே விட்டால் மலத்துளை அடைத்துச் செத்துப்போகும். பல குஞ்சுக்கு ஒரே நேரத்தில் வந்தால் சூடு கூடியதா குறைந்ததா என்று பாருங்கள். துடைக்கும்போது தொப்புளைப் பிய்த்துவிடாதீர்கள், அது கீழே வயிற்றுப் பக்கம் இருக்கும். அங்கே கறுத்து, வீங்கி, நாற்றமும் அடித்தால் தொப்புள் அழற்சி, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஏழாம் நாள் தண்ணீரில் தடுப்பு மருந்து கலந்து கொடுத்தும் வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட் நோய்) வந்துவிட்டது. மருந்து போலியா?

பதில்: போலி என்று சொல்வதற்கு முன் உங்கள் தண்ணீரைப் பாருங்கள். அந்த மருந்தில் இருப்பது உயிருள்ள வைரஸ். குளோரின் கலந்த தண்ணீரில் அது செத்துவிடும். குளோரின் இல்லாத நீர் எடுங்கள், லிட்டருக்கு 2 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் கலந்து சிறிது நேரம் கழித்து மருந்தைச் சேருங்கள், இரண்டு மணி நேரத்துக்குள் குடித்து முடியும் அளவுக்கு மட்டும். வாங்கி வரும் வழியில் பனிக்கட்டி கரைந்து மருந்து சூடானாலும் போச்சு, 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். இந்த வயதில் நான் கண்ணில் ஒரு சொட்டு விடுவதையே விரும்புவேன், எல்லாக் குஞ்சுக்கும் போய்ச் சேர்ந்தது என்று கண்ணால் தெரியும். விட்டதும் கீழே போடாமல், குஞ்சு கண்ணை ஒரு தடவை சிமிட்டி மருந்து உள்ளே இறங்கும்வரை கையில் பிடித்திருங்கள்.