விசுவாசியின் வாசிப்பு – கடிதம்

அன்புள்ள ஐயா,

சபைக்குத் தவறாமல் போகிறவன் நான். நாவல்களும் நிறைய வாசிப்பேன். ‘அந்த நேரத்தில் வேதம் வாசிக்கலாமே’ என்று சபையில் மூத்தவர் ஒருவர் சொன்னார். அதிலிருந்து எந்த நாவலை எடுத்தாலும் மனம் உறுத்துகிறது. கடவுளை மறுப்பவர் எழுதியதென்றால் இன்னும் அதிகம். கிறிஸ்தவனாக எப்படி வாசிப்பது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வேதாகமத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோமுக்கு இந்த உறுத்தல் கனவாகவே வந்தது. நியாயாசனத்தின் முன் நின்று ‘நான் கிறிஸ்தவன்’ என்கிறார். ‘இல்லை, நீ சிசரோவின் ஆள்’ என்று பதில் வருகிறது. சிசரோ, ஜெரோம் விரும்பி வாசித்த, கிறிஸ்தவரல்லாத ரோம எழுத்தாளர். 384-ல் எழுதிய கடிதத்தில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஜெபிக்க மனமில்லாமல் நாவலுக்குள் போய் ஒளிந்துகொண்ட நாட்கள் எனக்கும் உண்டு. மூத்தவர் கேட்டது அதைத்தான் என்றால், சரியாகத்தான் கேட்டிருக்கிறார்.

ஆனால் பவுல், ஏதென்ஸ் நகரின் மார்ஸ் மேடையில் ‘நாம் அவருடைய சந்ததியார்’ என்று ஒரு கிரேக்க வரியைச் சொல்கிறார் (அப்போஸ்தலர் 17:28). அதை எழுதிய அராட்டஸ், பவுல் பிறந்த அதே சிலிசியா நாட்டுக்காரர். சுமார் 300 வருடம் முந்தியவர். கிரேக்கரின் தெய்வமான சீயஸைப் பாடிய வரி அது. வேறொரு தெய்வத்தைப் பாடிய கவிதைக்குள்ளும் மனிதனின் ஏக்கம் பவுலின் காதில் விழுந்திருக்கிறது.

எனக்கு விழவில்லை. ஒரு காலத்தில் பென்சிலோடுதான் வாசிப்பேன். விசுவாசத்துக்கு முரணாக ஏதாவது வந்தால் ஓரத்தில் கேள்விக்குறி. பிள்ளையைப் பறிகொடுத்து, கடவுளே இல்லை என்று சொல்லும் ஒரு தகப்பன் வரும் நாவல். அவன் பேசும் பக்கமெல்லாம் கேள்விக்குறி போட்டேன். பிள்ளை செத்த பக்கத்தில் ஒரு கோடுகூட இல்லை. பல வருடம் கழித்து, என் வீட்டிலும் ஒரு சாவு நடந்த பிறகு, அதே பிரதியை எடுத்தேன். என் கேள்விக்குறிகளைப் பார்க்கவே கூசியது. வேதத்தில், பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபுவின் நண்பர்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். கடவுளுக்காக வாதாடிய அவர்கள்மேல்தான் கடைசியில் கடவுள் கோபப்பட்டார். அவர்களாவது முதல் ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் அதுகூடச் செய்யவில்லை.

இப்போது ஒரு பாத்திரம் கடவுளைத் திட்டினால், பென்சிலை வைத்துவிட்டு, அவனுக்கு என்ன நடந்தது என்று முந்தைய பக்கங்களைத் திருப்பிப் பார்க்கிறேன். அப்புறம் சில சமயம் அவனுக்காக ஜெபிக்கவும் செய்கிறேன். கற்பனை மனிதனுக்காக ஜெபிப்பதா என்று கேட்கலாம். அவனைப் போல ஒருவர் எப்படியும் எனக்கு நினைவுக்கு வந்துவிடுகிறார்.

எல்லாவற்றையும் வாசித்து முடிக்க வேண்டும் என்றில்லை. மனிதரை வெறும் சதையாகப் பார்க்கப் பழக்கும் புத்தகத்தை நான் பாதியில் மூடிவிடுவேன். வேதத்துக்கான நேரத்தை நாவலுக்குக் கொடுப்பதுமில்லை.

உறுத்தலோடு மூடி வைத்த நாவல் ஒன்று உங்களிடம் இருக்கும். வாசித்துவிட்டு எழுதுங்கள். அதில் யார் அழுகிறார்கள் என்று எனக்குச் சொல்லுங்கள்.