பாதிக்கு மேல் ஏறாத ஜாக்கி

புது ஜாக்கி இப்போதைக்கு வேண்டாம், முதலில் எண்ணெயைப் பாருங்கள். மதுரை மாவட்டம் கள்ளிக்குடிப் பக்கம் நின்று வண்டியைத் தூக்கியபோது உங்கள் ஹைட்ராலிக் ஜாக்கி (எண்ணெய் அழுத்தத்தில் ஏறுவது) பாதி உயரத்துக்கு மேல் ஏறவில்லை, கைப்பிடியை அடித்தால் பஞ்சு மாதிரி அமுங்குகிறது, புதிது வாங்கலாமா என்கிறீர்கள். பெரும்பாலும் எண்ணெய் குறைந்து உள்ளே காற்று புகுந்திருக்கும். டூல் பாக்ஸில் படுக்கப் போட்டு வைத்தால் எண்ணெய் ஊற்றும் ஓட்டையின் ரப்பர் மூடி வழியாகவே கசிந்துவிடும்.

1. ஜாக்கியை முழுக்க இறக்கி, நேராக நிறுத்தி, மூடியைக் கழற்றுங்கள். எண்ணெய் அந்த ஓட்டையின் அடி விளிம்பு வரை இருக்க வேண்டும்.

2. குறைந்திருந்தால் ஹைட்ராலிக் ஆயில் மட்டும் ஊற்றுங்கள். கையில் இருக்கிறதே என்று பிரேக் ஆயிலை ஊற்றினால் சீல் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) உப்பிக் கெட்டுவிடும். பலர் செய்வது இதைத்தான்.

3. இறக்கும் திருகைத் தளர்த்தி நாலைந்து தடவை அடியுங்கள். காற்று வெளியேறும். அப்புறம் திருகை இறுக்கி, மூடியைப் போட்டு, லோடு இல்லாமல் ஏற்றிப் பாருங்கள்.

மேலே ஏறும் தண்டைச் சுற்றி எண்ணெய் வழிந்தால் சீல் போய்விட்டது, பட்டறையில் கொடுத்து மாற்றத்தான் வேண்டும்.

நீங்கள் நின்ற கள்ளிக்குடிப் பக்கம் கரிசல் மண். மழை பெய்திருந்தால் நல்ல ஜாக்கியும் புதையும். அடியில் போட கனமான பலகை ஒன்று வண்டியிலேயே கிடக்கட்டும். மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைக்காமல் தூக்காதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது.