வகுப்பில் ஊமையாக இருக்கிறேன். வேறு பாடத்துக்கு மாறலாமா?

கேள்வி: அம்மா, உங்கள் மகள் வயதுதான் எனக்கு. பரிமாற்றத் திட்டத்தில் ஒரு பருவம் படிக்க வெளிநாடு வந்து ஐந்து வாரம் ஆகிறது. இங்கே பேராசிரியர் பாடமே நடத்துவதில்லை. நாற்பது பக்கம் படித்துவிட்டு வரச் சொல்லி, நான்கு நான்கு பேராக உட்காரவைத்து விவாதிக்கச் சொல்கிறார். நான் வாய் திறப்பதே இல்லை. நோட்டில் ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை. எதையும் கற்காமல் காலத்தை வீணாக்குகிறேனோ என்று அழுகை வருகிறது. விரிவுரை நடக்கும் வேறு பாடத்துக்கு மாறிவிடலாமா?

பதில்: மாறாதே, மகளே. நோட்டு நிரம்பாததை வைத்து நீ கற்கவில்லை என்று முடிவு கட்டிவிடாதே. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் வகுப்புகளில் நடந்த ஓர் ஆய்வு 2019-இல் வெளிவந்தது. பாதி மாணவர்களுக்கு நல்ல விரிவுரை. மீதிப் பேர் அதே பாடத்தைக் குழுவாக உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கற்றார்கள். அடுத்த வகுப்பில் இரு பிரிவையும் மாற்றினார்கள். விரிவுரை கேட்டபோதுதான் நிறையக் கற்றதாக மாணவர்கள் நினைத்தார்கள். தேர்விலோ, தாங்களே மண்டையை உடைத்துக்கொண்ட பாடத்தில்தான் அதிக மதிப்பெண் எடுத்தார்கள். சரளமான பேச்சைக் கேட்டால் எல்லாம் புரிந்ததுபோல இருக்கும். தானே யோசிக்கும்போது தெரியாததெல்லாம் எதிரே வந்து நிற்கும். உன் அழுகை அங்கிருந்துதான் வருகிறது.

நானும் இருபத்து மூன்று வயதில் அப்படி ஒரு மேசையைச் சுற்றி ஊமையாக உட்கார்ந்திருந்தவள். சொல்ல வேண்டியதை மனதுக்குள் பிழை பார்த்துச் செதுக்கி முடிப்பதற்குள் பேச்சு எங்கோ போய்விடும். நான்காம் வாரம் ஒரு துண்டுத் தாளில் ஒரே ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு போனேன். கட்டுரையாளர் இரண்டாம் பத்தியில் சொன்ன காரணத்தை ஐந்தாம் பத்தியில் கைவிட்டது ஏன் என்பதுதான் அந்தக் கேள்வி. மற்றவர்கள் சூடு பிடிப்பதற்கு முன்பே, தாளைப் பார்த்து வாசித்துவிட்டேன். கை நடுங்கியதில் தாள் சலசலத்தது எனக்கே கேட்டது. பேராசிரியர் உடனே பதில் சொல்லவில்லை; பக்கத்தைப் புரட்டி அந்த இரண்டு பத்திகளையும் விரலால் தேடினார். அன்றைய வகுப்பு முழுவதும் அதைச் சுற்றியே நடந்தது.

நீயும் முதல் ஐந்து நிமிடத்துக்குள் பேசிவிடு. தாமதித்தால் நாக்கு எழாது. நாற்பது பக்கத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். படிக்கும்போது உனக்கு இடறிய ஓர் இடம் போதும்.

கேள்வி: என் மகன் ஓராண்டு ஐரோப்பாவில் படிக்கப் போகிறான். அங்கே எடுக்கும் பாடங்கள் இங்கே கணக்கில் வருமா?

பதில்: புறப்படும் முன் எழுத்தில் வாங்கிக்கொண்டால் வரும். இத்தாலியின் சோஃபியா கொராடி, 1950-களில் அமெரிக்காவில் முதுகலை முடித்துத் திரும்பியபோது, அந்தப் படிப்பை ஊரில் ஏற்கவில்லை. அந்த வேதனையோடு அவர் ஆண்டுக்கணக்கில் வாதாடியதன் பலனாகத்தான் 1987-இல், ஐரோப்பிய நாடுகளுக்கிடையே மாணவர்கள் மாறிப் படிக்கும் எராஸ்மஸ் திட்டம் பிறந்தது. ஐரோப்பியக் கணக்கில் முழு ஆண்டுக்கு 60 கிரெடிட். ஒவ்வொன்றும் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பு மட்டுமல்ல, தனியே படிப்பதும் குழுவாக வேலை செய்வதும் அதில் அடக்கம். எடுக்கப்போகும் பாடங்களைக் கற்றல் ஒப்பந்தத்தில் எழுதி, இரண்டு பல்கலைக்கழகங்களின் கையெழுத்தையும் வாங்கட்டும். அங்கே போய்ப் பாடத்தை மாற்றினால், அந்த வாரமே ஒப்பந்தத்தையும் திருத்தி மறுபடி கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள்.