பதில்: அடித்தளச் சவ்வு சிதையவில்லை என்றால் அறுவை எதற்கு?

அம்மாவின் மார்பக பயாப்ஸி அறிக்கையில் 'டக்டல் கார்சினோமா இன் சிட்டு, அடித்தளச் சவ்வு சிதையவில்லை' என்று இருக்கிறது, அப்புறம் ஏன் அறுவை சிகிச்சை என்று கேட்டிருக்கிறீர்கள். டக்டல் கார்சினோமா இன் சிட்டு என்றால் பால் குழாய்க்குள்ளேயே அடங்கியிருக்கும் ஆரம்பநிலைப் புற்று. சவ்வு பற்றிய அந்த வரி உண்மையிலேயே நல்ல செய்தி.

பால் குழாயைச் சுற்றி லாமினின், நான்காம் வகை கொலாஜன் போன்ற புரதங்கள் பின்னிய மெல்லிய படலம்தான் அடித்தளச் சவ்வு. செல்கள் இன்டெக்ரின் என்ற புரதங்களால் அதைப் பற்றி நிற்கின்றன. வெறும் பிடிமானம் இல்லை அது. எந்தப் பக்கம் மேல், எது கீழ், உயிரோடு இருக்கலாமா என்ற சமிக்ஞைகளும் அதன் வழியாகத்தான் செல்லுக்குள் போகின்றன. பிடி விட்டுப்போன ஆரோக்கியமான செல் பொதுவாகத் தானே இறந்துவிடும். புற்றுச்செல் அப்படி இறக்காமல் குழாய்க்குள் பெருகுகிறது. ஆனால் ரத்தக் குழாயும் நிணநீர்க் குழாயும் சவ்வுக்கு வெளியே இருப்பதால், உள்ளே இருக்கும்வரை அதற்குப் பரவ வழியில்லை.

சிலருக்கு இந்தச் செல்கள் சவ்வை அரிக்கும் நொதிகளின் உதவியோடு வெளியேறிவிடும். யாருக்கு என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியாது. தவிர, ஊசி பயாப்ஸி சிறு துண்டைத்தான் காட்டும். முழுப் பகுதியையும் எடுத்துப் பார்க்கும்போது, சவ்வைத் தாண்டிய ஊடுருவல் தென்படுவதும் உண்டு. அறுவையைச் சொல்வது அதனால்தான். கிரேடு (செல்கள் இயல்பிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன என்ற அளவு) என்ன, ஹார்மோன் ஏற்பிச் சோதனை (புற்றுச்செல்களில் ஹார்மோனை ஏற்கும் புரதங்கள் உண்டா என்று பார்ப்பது) முடிவு என்ன என்று மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள்.